பாதாம் பால், பாலுக்கு ஈடாகுமா?

‘பாலையும் பால் பொருள்களையும் சில காலம் தவிர்த்து வாருங்கள்’ என்று குடல்நோய்ப் பிரிவில் நாங்கள் கூறும்போது, நோயாளியும் உடன் வந்தவரும் பெரும்பாலும் அடுத்துக் கேட்பது, ‘அப்படியானால் பாதாம் பால் குடிக்கலாமா?’ என்பதே. இக்கேள்விக்கு ‘ஆம்’ என்றோ ‘இல்லை’ என்றோ ஒரே சொல்லில் விடை கூற இயலாது. ஏனெனில், பாதாம் பால் என்னும் பெயர் நம் ஊரில் ஒன்றுக்கொன்று முற்றிலும் மாறான இரு பானங்களைக் குறிக்கிறது. மேலும், பாலை விலக்கச் சொல்வதன் காரணமும் எல்லோருக்கும் ஒன்றன்று. இவ்விரண்டையும் தெளிவாக்கிக்கொண்டால், பாதாமைச் சமையலில் எங்கே நம்பிப் பயன்படுத்தலாம், எங்கே அதை நம்பியிருத்தல் ஆபத்து என்பது தானே விளங்கும்.

ஒரே பெயர், இரு பானங்கள்

தமிழ்நாட்டின் பால் நிலையங்களிலும் இனிப்புக் கடைகளிலும் மஞ்சள் நிறத்தில், ஏலக்காய் மணத்துடன் விற்கப்படும் பாதாம் பால், பசும்பாலிலோ எருமைப்பாலிலோ சர்க்கரையும் அரைத்த பாதாமும் சேர்த்துக் காய்ச்சப்படுவது. அதில் பாலே முதற்பொருள். பாதாம் சுவைக்கும் மணத்திற்கும் சேர்வது. ‘பாதாம் மிக்ஸ்’ என்று டப்பாவில் கிடைக்கும் தூள்களிலும் சர்க்கரையே மிகுதி. சிலவற்றில் பால் பவுடரும் கலந்திருக்கும்.

மற்றொன்று, ஊறவைத்த பாதாமைத் தண்ணீர் விட்டு அரைத்து வடிகட்டி எடுக்கும் வெண்ணிறச் சாறு. இதில் விலங்குப் பால் ஒரு துளியும் இல்லை. பால் ஒவ்வாதவர்க்கு உரியது இதுவே. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளின்படி, இத்தகைய தாவரச் சாறுகளைப் ‘பால்’ என்று பெயரிட்டு விற்றல் ஆகாது. தேங்காய்ப்பால் போன்ற நெடுநாள் வழக்குப் பெயர்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு. ஆகவேதான் அட்டைப் பெட்டிகளில் ‘ஆல்மண்ட் டிரிங்க்’, ‘ஆல்மண்ட் பெவரேஜ்’ என்னும் பெயர்களைக் காண்கிறோம். இக்கட்டுரையில் இதனைப் ‘பாதாம் சாறு’ என்றே குறிப்பிடுவோம்.

பால் ஒவ்வாமை உள்ள ஒருவர், பெயரை நம்பிக் கடைப் பாதாம் பாலை அருந்தினால், எதைத் தவிர்க்க வேண்டுமோ அதனையே கோப்பை நிறையக் குடித்தவர் ஆவார். எனவே வெளியில் வாங்கும்போது, ‘இதில் மாட்டுப்பால் சேர்ந்திருக்கிறதா?’ என்று வாய்விட்டுக் கேட்பது நன்று. பொட்டலங்களில் ‘மில்க் சாலிட்ஸ்’, ‘வே’, ‘கேசீன்’, ‘கன்டெய்ன்ஸ் மில்க்’ என்னும் சொற்களில் ஏதேனும் காணப்பட்டால் அது பால் கலந்த பொருளே.

இன்னும் இரு பெயர்க் குழப்பங்கள் உள. பாதாம் பிசின் என்பது மரத்திலிருந்து வடியும் பசை. நீரில் ஊறிப் பருத்து, ஜிகர்தண்டாவில் மிதப்பது. பருப்பிலுள்ள புரதமோ கொழுப்போ அதில் இல்லை. எனவே பாதாமுக்கு மாற்றாக அதனைக் கருதலாகாது. நம் தெருக்களில் நிழல் தரும் நாட்டு வாதுமை மரமும் வேறு இனத்தைச் சேர்ந்ததே.

பாலை விலக்குவது எதற்காக?

பால் சார்ந்த தொல்லைகளில் நாங்கள் மிகுதியாகக் காண்பது லாக்டோஸ் செரியாமை. பாலிலுள்ள லாக்டோஸ் என்னும் சர்க்கரையைச் சிறுகுடலிலுள்ள லாக்டேஸ் நொதி பிரித்துச் செரிக்கச் செய்கிறது. தென்னிந்தியர் பலருக்குக் குழந்தைப் பருவம் கடந்தபின் இந்நொதி குறைந்துவிடுகிறது. அப்போது செரியாத சர்க்கரை பெருங்குடலை அடைந்து, அங்குள்ள நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, வாயு, உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியவற்றைத் தருகிறது. இது தொல்லையேயன்றி ஆபத்தன்று. இவர்களிற் பெரும்பாலோர் ஒரு கோப்பை பாலிலுள்ள 12 கிராம் அளவு லாக்டோஸை, உணவுடன் பிரித்துப் பிரித்து உட்கொண்டால் பொறுத்துக்கொள்வர். தயிரில் நுண்ணுயிர்கள் லாக்டோஸின் ஒரு பகுதியை முன்னரே உண்டுவிடுவதால், பால் ஒவ்வாத பலருக்கும் தயிரும் மோரும் ஒத்துக்கொள்ளும். நெய்யில் லாக்டோஸ் ஏறக்குறைய இல்லை. ஆகவே இவர்கள் பால் பொருள்கள் அனைத்தையும் துறக்க வேண்டியதில்லை.

கடுமையான வயிற்றுப்போக்கிற்குப் பின்னர்ச் சிலருக்குக் குடலின் உட்சுவர் புண்பட்டு, லாக்டோஸ் செரியாமை தற்காலிகமாகத் தோன்றுவதுண்டு. குடல் ஆறியதும் சில வாரங்களில் அது நீங்கிவிடும். ‘சில காலம் தவிர்க்க’ என்று நாங்கள் எழுதித் தருவதை வாழ்நாள் விலக்காகக் கொள்ளலாகாது.

பால் புரத ஒவ்வாமை இதனினும் வேறுபட்டது. இதில் உடலின் எதிர்ப்பாற்றல் பாலின் புரதங்களைப் பகையெனக் கொள்கிறது. தோல் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு, சில குழந்தைகளுக்கு மலத்தில் இரத்தம் ஆகியவை தோன்றலாம். கடுமையான நிலையில் உயிருக்கே ஊறு நேரலாம். இவர்கள் பாலை மட்டுமன்றித் தயிர், மோர், பன்னீர், பால்கோவா ஆகியவற்றையும் முற்றிலும் விலக்க வேண்டும். நெய்யிலும் பால் புரதத்தின் எச்சம் இருக்கக்கூடும். இவர்களுக்கு ஒரு கரண்டி மோரும் சிறு பொருளன்று.

இவ்விரண்டில் எது தமக்குரியது என்பதை உறுதிசெய்யாமல் பாலை நிறுத்துவதால், லாக்டோஸ் செரியாதவர் தேவையின்றித் தயிரையும் இழப்பர். ஒவ்வாமை உள்ளவரோ போதிய எச்சரிக்கையின்றி இருந்துவிடுவர்.

எண்கள் என்ன கூறுகின்றன?

பாதாம் சத்துமிக்க பருப்பு என்பதில் ஐயமில்லை. 100 கிராம் பாதாமில் ஏறத்தாழ 20 கிராம் புரதமும், 50 கிராம் கொழுப்பும், 250 மி.கி. கால்சியமும் உள்ளன, நார்ச்சத்தும் வைட்டமின் ஈ சத்தும் மிகுதி. அக்கொழுப்பிலும் பெரும்பகுதி இதயத்திற்கு இசைந்த நிறைவுறாக் கொழுப்பே. ஆனால் பருப்பின் பெருமையைச் சாற்றுக்கும் உரியதாகக் கொள்வதில்தான் தவறு நேர்கிறது.

வீட்டில் 60 கிராம், அதாவது ஏறத்தாழ 50 பாதாம் பருப்புகளை 600 மி.லி. நீர் விட்டு அரைப்பதாகக் கொள்வோம். அப்பருப்புகளில் உள்ள புரதம் மொத்தம் 12 கிராம்; கால்சியம் 150 மி.கி. அவை முழுவதும் சாற்றில் இறங்கினாலும், 200 மி.லி. கொண்ட ஒரு குவளையில் 4 கிராம் புரதமும் 50 மி.கி. கால்சியமுமே இருக்கும். வடிகட்டும்போது சக்கையுடன் ஒரு பகுதி போய்விடுவதால், உண்மையில் கிடைப்பது இதனினும் குறைவு. அதே குவளைப் பசும்பாலில் 6 முதல் 7 கிராம் புரதமும், ஏறத்தாழ 240 மி.கி. கால்சியமும் உள்ளன. கடையில் விற்கும் பாதாம் சாறுகள் பலவற்றில் பாதாமின் பங்கு நூற்றுக்குச் சில விழுக்காடே. ஒரு குவளையில் 1 கிராம் அளவே புரதம் இருப்பதும் உண்டு.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 1000 மி.கி. கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. பாலை நிறுத்திப் பாதாம் சாற்றை மட்டும் அவ்விடத்தில் வைத்தால், குவளை நிரம்பும், சத்து நிரம்பாது. கால்சியம் சேர்க்கப்பட்ட பாதாம் சாறு இக்குறையை ஓரளவு தீர்க்கும். சேர்க்கப்பட்ட கால்சியம் அடியில் படிந்துவிடுமாதலால், பெட்டியை நன்கு குலுக்கிய பின்னரே ஊற்ற வேண்டும்.

கால்சியத்திற்காகப் பாதாமை மட்டுமே நம்பியிருக்க வேண்டியதில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மி.கி. கால்சியம் உள்ளது. முருங்கைக்கீரை, எள், முள்ளோடு உண்ணும் நெத்திலி ஆகியவையும் துணைசெய்யும். புரதத்தில் பசும்பாலுக்கு அருகில் நிற்கும் தாவரச் சாறு சோயா மொச்சையிலிருந்து எடுப்பதே. பாதாமின் விலை கட்டுப்படியாகாத குடும்பங்கள் வருந்த வேண்டா. நிலக்கடலையின் புரதம் பாதாமினும் சற்றுக் கூடுதலே.

வைட்டமின் பி12 சத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். புலால் உண்ணாத குடும்பங்களுக்கு இச்சத்தைத் தருவன பெரும்பாலும் பாலும் தயிருமே. பாதாமில் அது அறவே இல்லை. சைவ உணவினர் பாலையும் விலக்கினால், நாளடைவில் இரத்தசோகையும், கைகால் மரத்துப்போதல் போன்ற நரம்புக் கோளாறுகளும் தோன்றலாம். அத்தகையோர் மருத்துவரிடம் பி12 மாத்திரை குறித்துக் கட்டாயம் கேட்டறிய வேண்டும்.

பச்சிளங் குழந்தைக்குப் பாதாம் சாறு உணவாகாது

இக்கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவிற்கொள்ள இயலுமாயின், இப்பகுதியை நினைவிற்கொள்ளுமாறு பெற்றோரை வேண்டுகிறோம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கோ உரிய பால்மாவுக்கோ மாற்றாகப் பாதாம் சாற்றை ஒருபோதும் கொடுக்கலாகாது.

2016ஆம் ஆண்டு ‘பீடியாட்ரிக்ஸ்’ என்னும் குழந்தை மருத்துவ இதழில், ஸ்பெயின் நாட்டு மருத்துவர்கள் 11 மாதக் குழந்தை ஒன்றின் நிலையைப் பதிவு செய்துள்ளனர். இரண்டரை மாத வயது முதல் பாதாம் சாற்றையும் பாதாம் மாவையுமே முதன்மை உணவாகப் பெற்று வந்த அக்குழந்தைக்குச் சோர்வும், ஓயாத அழுகையும், வளர்ச்சிக் குறைவும், எலும்பு முறிவும் ஏற்பட்டிருந்தன. வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயே காரணம் எனக் கண்டறியப்பட்டது. உரிய பால்மாவும் வைட்டமின் சி சத்தும் கொடுக்கப்பட்ட பின்னர்க் குழந்தை தேறியது. தாய்ப்பாலில் வைட்டமின் சி இயல்பாகவே உள்ளது; பால்மாவில் அதனைச் சேர்க்கிறார்கள்; பாதாமில் அது இல்லை.

பால் புரத ஒவ்வாமை உள்ள பச்சிளங் குழந்தைக்கு வேறு வழிகள் உள. தாய்ப்பால் பெறும் குழந்தையாயின், பெரும்பாலும் தாய் தம் உணவிலிருந்து பால் பொருள்களை நீக்கித் தொடர்ந்து பாலூட்டலாம். தாய்ப்பால் கிடைக்காத குழந்தைக்குப் புரதம் சிதைக்கப்பட்ட சிறப்புப் பால்மாக்களை மருத்துவர் பரிந்துரைப்பார். இவ்வொவ்வாமை குழந்தைகள் பலருக்கு வளர வளர நீங்கிவிடுவதால், மறுபரிசோதனையைத் தவறவிடலாகாது.

ஒரு வயதுக்கு மேல் சமையலில் பாதாம் சேரலாம். எனினும் பாதாம் சாறே முதன்மைப் பானமாக இருத்தல் தகாது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு முழுப் பாதாமைக் கொடுக்க வேண்டா, மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். தூளாக்கியோ விழுதாக்கியோ தருக.

அடுக்களையில் பாதாம்

காரணமும் அளவும் தெளிந்தபின், பாதாமை மகிழ்ந்து பயன்படுத்தலாம். சாறு எடுக்க, 60 கிராம் பாதாமை எட்டு மணி நேரம் ஊறவைத்துத் தோலுரித்து, முதலில் சிறிது நீருடனும் பின்னர் மொத்தம் 600 மி.லி. வரும்வரை நீர் சேர்த்தும் நைய அரைத்து, மெல்லிய வெள்ளைத் துணியில் வடிகட்டுக. குளிர்பதனப் பெட்டியில் வைத்து இரண்டு நாட்களுக்குள் பயன்படுத்துக. வெளியில் வைத்தால் விரைவில் கெடும். எஞ்சும் சக்கையை எறிந்துவிட வேண்டா. நார்ச்சத்தும் புரதமும் அதில்தான் தங்கியுள்ளன. சப்பாத்தி மாவிலோ அடை மாவிலோ கலந்துகொள்ளலாம்.

சூடான காப்பியில் பாதாம் சாற்றை ஊற்றியதும் திரிந்துபோவதாகப் பலர் கூறுவர். காப்பியின் புளிப்பும் திடீர்ச் சூடும் அதற்குக் காரணம். சாற்றை முதலில் வெதுவெதுப்பாக்கி, அதன்மேல் டிகாஷனைச் சிறிது சிறிதாக ஊற்றினால் திரிதல் குறையும். பாயசத்திலும் இதே முறை: அடுப்பை அணைத்து, வெல்லப்பாகு சற்று ஆறியபின் சாற்றைச் சேர்க்க வேண்டும்.

குருமாவில் தயிருக்கோ பாலாடைக்கோ மாற்றாக, ஊறவைத்த பத்துப் பன்னிரண்டு பாதாம்களைச் சோம்புடன் அரைத்துச் சேர்த்தால், நால்வர்க்குரிய குழம்பு கெட்டிப்படும். கடைசியில் சேர்த்துச் சிறுதீயில் கிளறுக, இல்லையேல் அடிபிடிக்கும். தயிரின் புளிப்பு வேண்டுமெனில் இறக்கியபின் சில சொட்டு எலுமிச்சைச் சாறு போதும். பாதாம் சாற்றில் உறை ஊற்றிப் பால்தயிர் போன்ற கெட்டித் தயிரை எதிர்பார்க்க இயலாது. பால் தோய்வதற்குக் காரணமான கேசீன் புரதமும், நுண்ணுயிர்க்கு உணவாகும் லாக்டோஸும் அதில் இல்லை.

பாதாம் மாவும் அடுமனைப் பண்டங்களும்

பாதாம் மாவில் குளூட்டன் இல்லை. எனவே கோதுமை ஒவ்வாத சீலியாக் நோயினர்க்கு அது பெருந்துணை. இந்நோயினர் பலருக்குக் குடல் ஆறும்வரை பாலும் ஒத்துக்கொள்ளாதாகையால், இரண்டையும் விலக்கிச் சமைக்க அது வழிசெய்கிறது. ஆயினும் கோதுமையும் அரைக்கும் ஆலையில் அரைக்கப்படாத மாவே அவர்களுக்கு உரியது.

வீட்டில் மாவு அரைக்கும்போது மிக்ஸியை விட்டு விட்டு ஓட்டுக. தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் கக்கி விழுதாகிவிடும். குளூட்டன் இல்லாததால் மாவைப் பிணைக்க முட்டை வேண்டும். 200 கிராம் பாதாம் மாவு, 4 முட்டை, 120 கிராம் நாட்டுச்சர்க்கரை, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், சிறிது ஏலத்தூள் ஆகியவற்றைக் கலந்து, 160 டிகிரி செல்சியசில் 35 முதல் 40 நிமிடம் சுட்டால், மைதா, வெண்ணெய், பால் எதுவுமற்ற கேக் கிடைக்கும். பாதாம் மாவு விரைவில் சிவந்துவிடுமாதலால் சூட்டை மிகுத்தல் ஆகாது.

இது நமக்குப் புதிய கலையன்று. ஐரோப்பியர் பாதாமும் முட்டை வெண்கருவும் சர்க்கரையும் கொண்டு செய்த மக்ரூன், தூத்துக்குடியில் முந்திரிப் பண்டமாக உருமாறிற்று. பாலும் வெண்ணெயும் கோதுமையும் இன்றி அடுமனைப் பண்டம் செய்யலாம் என்பதற்கு அதுவே சான்று.

நீரிழிவு உள்ளோர் ஒன்றைக் கருத வேண்டும். 100 கிராம் மைதாவில் 70 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு; பாதாம் மாவில் நார்ச்சத்தையும் சேர்த்து 20 கிராம் அளவே. ஆனால் மைதாவின் 350 கலோரிக்கு எதிராகப் பாதாம் மாவு ஏறத்தாழ 580 கலோரி தரும். இரத்தச் சர்க்கரைக்கு நன்மையானாலும், அளவு மீறினால் எடை கூடும்.

யார் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்?

பாதாம் ஒவ்வாமை உள்ளோர் அதனை முற்றிலும் விலக்க வேண்டும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைக்குப் பருப்பு வகைகளும் ஒவ்வாதிருக்கக்கூடும். எனவே மருத்துவரைக் கேட்டபின் சிறிதளவில் தொடங்குக. உண்டதும் உதடு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, மூச்சுத்திணறல், மயக்கம் ஏற்பட்டால் காலந்தாழ்த்தாது 108 ஊர்தியை அழைக்க.

சிறுநீரகக் கல் உள்ளோர், சிறப்பாகக் கால்சியம் ஆக்சலேட் கல் உள்ளோர், பாதாமைக் குறைக்க வேண்டும். அதில் ஆக்சலேட் மிகுதி. நாள்தோறும் பாதாம் சாறு மிகுதியாகப் பருகிய குழந்தைகளுக்குச் சிறுநீரில் ஆக்சலேட் உயர்ந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உள்ளன. நாட்பட்ட சிறுநீரக நோயினர், பாதாமிலுள்ள பொட்டாசியம், பாஸ்பரஸ் ஆகியவற்றைக் கருதித் தம் மருத்துவரின் ஒப்புதலுக்குப் பின்னரே சேர்க்க வேண்டும்.

தைராய்டு மாத்திரையைக் கால்சியம் சேர்த்த பாதாம் சாற்றுடன் விழுங்கலாகாது; மருந்து உடலில் சேர்வது குறையும். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் உட்கொண்டு, நான்கு மணி நேரம் கழித்து அச்சாற்றைப் பருகலாம். கசக்கும் பாதாமில் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் உள்ளது. வாயில் கசப்புத் தட்டினால் துப்பிவிடுக. பூஞ்சை பிடித்தவற்றையும் காறல் வாடை வீசுபவற்றையும் எறிந்துவிடுக.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

பாலை விலக்குமாறு கூறப்பட்டால், மூன்று கேள்விகளைக் கேட்டு விடை பெற்ற பின்னரே மருத்துவமனையை விட்டுச் செல்லுங்கள். எனக்கிருப்பது லாக்டோஸ் செரியாமையா, பால் புரத ஒவ்வாமையா? எவ்வளவு காலத்திற்குப் பாலை விலக்க வேண்டும்? பாலிலிருந்து கிடைத்த புரதம், கால்சியம், பி12 ஆகியவற்றை இனி எவ்வுணவிலிருந்து பெறுவது? மூன்றாம் கேள்விக்கு விடை காண எங்கள் உணவியல் வல்லுநரும் துணைநிற்பர். நீங்கள் அருந்தும் பாதாம் சாற்றின் பெட்டியையும், குழந்தைக்குக் கொடுக்கும் தூளின் டப்பாவையும் அடுத்த வருகையின்போது கையோடு கொண்டு வாருங்கள். அதன்மேல் அச்சிட்டுள்ள பொருட்பட்டியலை உங்களுடன் சேர்ந்து படித்து, எது தகும், எது தகாது என்பதை அப்போதே கூறிவிடுவோம்.